மூன்றாவது விலைப்புள்ளி

எங்கள் கண் ஆஸ்பத்திரியில் ஒருவருடைய கண்புரையை அகற்ற இருபது நிமிடம் ஆகும். ஒரு பெட்டி ஸ்டேப்ளர் பின் வாங்க நான்கு மாதம் ஆகும். இரண்டு வேலையும் ஒரே கட்டடத்தில்தான் நடக்கின்றன. கண் இரண்டாம் மாடி, பின் மூன்றாம் மாடி.

நான் தரைத்தளம். முன்பதிவு எழுத்தர். முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதில் பேசுவதற்கு ஓர் ஓட்டை, பின்னால் ஓர் இரும்பு அலமாரி. அலமாரிக்குள் கோப்புகள் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இருந்தது ஒரு பழைய கம்ப்யூட்டர். ஆஸ்பத்திரியின் முன்பதிவுப் பக்கம் அதில்தான் குடியிருந்தது. நோயாளிகள் வீட்டிலிருந்தே செல்போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, தேதியும் மணியும் பார்த்து எடுத்துக்கொண்டு, அந்த நேரத்துக்கு வந்தால் போதும். பதினொரு வருடமாக ஒரு நாள்கூட லீவு போடாமல் அது வேலை பார்த்தது. மூன்றாம் மாடியில் இருக்கும் யாரைப் பற்றியும் இப்படிச் சொல்ல முடியாது.

அது வருவதற்கு முன்னால் எல்லாம் நடைபாதைதான். கண் தெரியாதவர்கள் விடியற்காலையிலேயே வந்து, வெளியே ரோட்டோரம் வரிசை கட்டி நிற்பார்கள். அப்படி நின்ற ஓர் அம்மா, ஒரு கண்ணில் கட்டோடு, நடைபாதை எங்கே முடிகிறது என்று தெரியாமல் கீழே கால் வைத்துவிட்டார். சைக்கிள் வந்து மோதியது. கண்ணைக் காட்ட வந்தவர் கையில் மாவுக்கட்டோடு போனார். போகும்போது, "சைக்கிள்காரர் மேல தப்பு இல்லம்மா, எனக்குத்தான் தெரியல" என்று என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. மனு மேல் மனு எழுதி அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்தது நான்தான்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு இந்த வருடம் மூச்சிரைக்க ஆரம்பித்தது. ரிப்பேர்காரர் வந்து அலமாரியைத் திறந்து, காது வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னும் மூணு மாசம் ஓடும். அதுவும் நீங்க அதைத் திட்டாம இருந்தா" என்றார்.

என் தங்கை செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். அவளிடம் போய்ப் புலம்பினேன்.

"புது கம்ப்யூட்டர் எதுக்குக்கா? கிளவுட்ல போட்டுடு."

"அப்படின்னா?"

"எங்கேயோ ஒரு கம்பெனிக்காரன் ஒரு கட்டடம் நிறைய கம்ப்யூட்டர் வெச்சிருப்பான். அதுல ஒரு மூலையை நமக்கு வாடகைக்கு விடுவான். கரன்ட் அவன் பாடு, ரிப்பேர் அவன் பாடு. உங்க பக்கத்துக்கு மாசம் என்ன ஆகும்னு நினைக்கிற? உங்க மூணாவது மாடியில ஒரு மீட்டிங்குக்கு வாங்குற பிஸ்கட் காசு."

அவள் இதைச் சொன்னது ஒரு திங்கட்கிழமை. அடுத்த நாளே விண்ணப்பம் எழுதிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினேன். ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன். பதினொரு வருடத்துக்கும் மேலாக அங்கே வேலை பார்த்தும் எனக்கு அவ்வளவுதான் புத்தி.

மூன்றாம் மாடியில் ஒப்பீட்டுக் குழு இருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் எதை வாங்குவதாக இருந்தாலும் மூன்று கம்பெனிகளின் விலையை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒப்பிடுவது அந்தக் குழுவின் வேலை. வாங்குவது அதன் வேலை இல்லை என்பதை அவர்கள் வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவார்கள். அறைச் சுவரில் 'ஒப்பிடாமல் வாங்காதே' என்று ஒரு பலகை தொங்கும். பக்கத்திலேயே அதே வாசகத்தோடு நீலத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று. பலகை வாங்கியபோது மூன்று மாதிரிகள் வந்தனவாம். எது மலிவு என்பது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

குழுவில் மூன்று பேர். தலைவர், கணக்கர், ஸ்டோர் கீப்பர். தலைவர் நல்ல மனிதர். யாரையும் திட்ட மாட்டார், எதிலும் கையெழுத்தும் போட மாட்டார். என் விண்ணப்பத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, படிவம் பதினேழை எடுத்துக் கொடுத்தார்.

"இதை நிரப்புங்கம்மா. மூணு கம்பெனி, மூணு பத்தி. அவ்வளவுதான்."

அந்தப் படிவம் நாற்காலி வாங்குவதற்காக எந்தக் காலத்திலோ அச்சடித்தது. எடை, நிறம், கால்களின் எண்ணிக்கை, துருப்பிடிக்குமா, மாதிரி தந்தார்களா, விலை என்று கட்டம் கட்டமாக இருந்தது.

"சார், இதுக்குக் கால் கிடையாது."

"கால் இல்லைன்னா 'இல்லை'ன்னு எழுதுங்க. இல்லாததை இல்லைன்னு எழுதுறதுல என்ன கஷ்டம்? படிவத்தை மட்டும் மாத்தச் சொல்லாதீங்க. புதுப் படிவம் அடிக்கணும்னா அச்சகத்துக்கு மூணு கொட்டேஷன் வாங்கணும். அதை ஒப்பிடறதுக்குப் படிவம் பதினேழுதான் வேணும்."

தங்கை மூன்று கம்பெனிகளின் விலையைச் செல்போனிலேயே காட்டினாள். நான் எழுதிக்கொண்டு போனேன். கணக்கர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"இந்த விலையை யார் சொன்னது?"

"அவங்க பக்கத்திலேயே போட்டிருக்காங்க சார். யார் வேணாலும் பார்க்கலாம்."

"அதான் தப்பு. விலையை அவங்க நமக்குச் சொல்லணும். நாமளா போய்ப் பார்த்தா அதுக்குப் பேர் வேவு பார்க்கிறது. லெட்டர் போடுங்க. ரப்பர் ஸ்டாம்ப் வெச்சுப் பதில் வரட்டும்."

போட்டேன். மூன்று கம்பெனிக்கும் மூன்று கடிதம். யார் கையிலும் அவை கிடைத்ததாகத் தெரியவில்லை. இமெயிலில் அனுப்பிய நகலுக்கு மட்டும் அவர்களுடைய இயந்திரம் ஒரு நொடியில் பதில் போட்டது: 'அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் கடிதம் எங்களுக்கு மிகவும் முக்கியம். விரைவில் தொடர்புகொள்கிறோம்.' மூன்று கம்பெனியும் ஏறக்குறைய இதே வரியைத்தான் அனுப்பின. அதை அச்செடுத்துக் குழுவிடம் கொடுத்தேன். தலைவர் படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பதினெட்டு வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேம்மா. எத்தனை லெட்டர் போட்டிருக்கேன்! என் லெட்டர் முக்கியம்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூடச் சொன்னதில்லை."

அந்தக் காகிதம் இப்போது லேமினேட் செய்யப்பட்டு அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. இவ்வளவு பண்பான கம்பெனிகளுக்கு ஸ்டாம்ப் விஷயத்தில் விலக்கு அளிக்கலாம் என்று அன்றே தீர்மானம் போட்டார்கள். அதுவரை ஆறு வாரம் ஓடியிருந்தது.

அடுத்தது மாதிரி. ஸ்டோர் கீப்பர் நாற்பது வருடமாகச் சேர்ந்த மாதிரிகளை ஓர் அறையில் வைத்திருக்கிறார். போர்வை, வாளி, தலையணை உறை, ஒற்றைச் செருப்பு, மூன்று விதமான கதவுத் தாழ்ப்பாள். ஒவ்வொன்றிலும் சீட்டுத் தொங்கும். வாங்கிய பொருள் மாதிரியைப் போல இருக்கிறதா என்று பின்னால் சரிபார்க்க வேண்டுமாம். வாங்கிய பொருள் எதுவுமே அதிகம் இல்லாததால் மாதிரிகள் மட்டும் புதுக்கருக்கு அழியாமல் இருந்தன.

"மாதிரி எங்கே?" என்றார்.

"அதைக் கையில எடுத்துத் தர முடியாது சார். இடம்தான் வாடகைக்குத் தர்றாங்க. காலி இடம்."

"காலி இடத்துக்கு மாதிரி உண்டே! காலி இடம் எப்படி இருக்கும்னு நான் பார்க்க வேண்டாமா? நாளைக்குக் குறைச்சலா கொடுத்துட்டான்னா யார் பொறுப்பு?"

இதைத் தங்கையிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. கடையில் கிடந்த மூன்று காலி அட்டைப்பெட்டிகளை எடுத்து, டேப் ஒட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிக் கொடுத்தாள். ஸ்டோர் கீப்பர் ஒவ்வொன்றையும் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையை ஆட்டினார். தராசில் நிறுத்து, எடைக் கட்டத்தில் முந்நூறு கிராம், இருநூற்றெண்பது கிராம், முந்நூற்றிருபது கிராம் என்று எழுதினார். "மூணாவது கம்பெனி தாராளமா கொடுக்கிறான்" என்று என்னிடம் ரகசியமாகச் சொல்லவும் செய்தார்.

எல்லாம் முடிந்தது, இனி விலைக் கட்டம்தான் பாக்கி என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். கணக்கர் பேனாவைத் திறந்தார்.

முதல் கம்பெனி மணிக்கணக்கில் விலை சொல்லியிருந்தது, இரண்டாவது மாதக்கணக்கில். மூன்றாவது, எத்தனை பேர் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார்களோ அந்தக் கணக்கில். தங்கை ஒரு பில்லின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் மாதக் கணக்காக மாற்றி, இரண்டு நிமிடத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். மூன்றுக்கும் நடுவே இரண்டு டீ விலைதான் வித்தியாசம். முதல் கம்பெனிதான் மலிவு. கணக்கர் அந்த பில்லை இரண்டு விரலால் தூக்கி ஓரமாக வைத்தார்.

"மாத்தி எழுதக்கூடாதும்மா. அவன் மணிக்குன்னு சொன்னா மணிக்குத்தான். நாம அதை மாசமாக்கினா அது நம்ம விலை, அவன் விலை இல்லை. முதல் கம்பெனி என்ன சொல்றான்? மணிக்கு 0.004. படிவத்துல புள்ளிக்கு அப்புறம் ரெண்டு கட்டம்தான் இருக்கு. விதிப்படி ரெண்டு இலக்கம்தான் எழுதணும். ஆக, 0.00."

"சார், அது சைபர் இல்லை. மாசம் முழுக்கக் கூட்டினா..."

"கூட்டினாலும் சைபர்தானே? சைபரை எவ்வளவு கூட்டினாலும் சைபர்தான். நான் கணக்குல எம்.காம். படிச்சவன்."

தலைவர் முகத்தில் கவலை படர்ந்தது. "அப்போ இந்தக் கம்பெனி நமக்கு இதை இலவசமா தர்றான்னு ஆகுது. வியாபாரிகிட்ட இலவசம் வாங்குறது பரிசு. பரிசு வாங்கினா நம்ம மூணு பேரையும் விசாரிப்பாங்க. ஒரு கம்பெனி காரணமில்லாம ஏன்மா பரிசு தரணும்? யோசிச்சுப் பாருங்க. நம்மள வளைக்கப் பார்க்கிறான்."

அத்தோடு எல்லாவற்றிலும் மலிவான கம்பெனி, மிகவும் மலிவாக இருந்த குற்றத்துக்காகத் தள்ளுபடி ஆனது. மிச்சம் இரண்டு. விதிப்படி மூன்று வேண்டும். வேறு கம்பெனிகளைத் தேடினேன். கிடைத்தவர்கள் எல்லாம் மணிக்கணக்குக்காரர்கள். அவர்கள் எல்லோரும் 0.00 ஆகி, பரிசு கொடுத்து வளைக்கப் பார்க்கும் அயோக்கியர்களாகி, வரிசையாக வெளியேறினார்கள்.

கம்ப்யூட்டர் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. ரிப்பேர்காரர் சொன்ன மூன்று மாதத்துக்கு மேலே நாலு நாள் கூடவே உழைத்துவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை பத்தே காலுக்கு நின்றது. அலமாரிக்குள்ளிருந்து வந்த இரைச்சல் நின்றதும் அறையே வெறிச்சென்று ஆனது. நான் அதைத் திட்டவே இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மறுநாள் காலை நான் வந்தபோது நடைபாதையில் எழுபது பேர். ஒரு நாளைக்கு முப்பது டோக்கன்தான். முப்பத்தோராவது ஆளிடம் 'நாளைக்கு வாங்க' என்று கண்ணாடி ஓட்டை வழியாகச் சொல்ல வேண்டியது என் வேலை. நாற்பது தடவை சொன்னேன். ஒருவர் தடவிக்கொண்டு வந்து, கண்ணாடியில் நெற்றி இடித்து, என்னிடம் 'சாரி' கேட்டார்.

வரிசையில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. ஒரு மாதத்துக்குள் ஆபரேஷன் முடித்துப் பார்வைச் சான்றிதழ் காட்டாவிட்டால் வண்டியைக் கொடுக்க மாட்டார்கள், வேறு வேலையும் இல்லை. முன்னால் நிற்பவர் தோளில் கை வைத்துக்கொண்டு நான்கு நாள் வந்தார். நான்கு நாளும் அவருக்கு முன்னாலேயே டோக்கன் தீர்ந்துவிட்டது.

"பஸ்ஸுக்கு நிக்கிறவங்க ஏன் எங்களை அப்படித் திட்டுறாங்கன்னு இப்பத்தான் மேடம் புரியுது" என்று சிரித்தார். திரும்பிப் போகும்போது நடைபாதை விளிம்பைக் காலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு இறங்கினார். நான் நேரே மூன்றாம் மாடிக்குப் போனேன். படி ஏறும்போது என்னென்ன கேட்க வேண்டும் என்று பட்டியலே போட்டு வைத்திருந்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"நல்ல சேதிம்மா! மூணாவது விலைப்புள்ளி கிடைச்சிருச்சு!"

"எந்தக் கம்பெனி சார்?"

"கம்பெனி எதுக்கு? விதி நாற்பத்தி ரெண்டு. மூணு விலைப்புள்ளி கிடைக்கலைன்னா, 'தற்போதைய ஏற்பாட்டை' மூணாவதா வெச்சுக்கலாம். நேத்து சாயங்காலம் கணக்கர்தான் கண்டுபிடிச்சார். இப்போ நம்ம முன்பதிவு எங்கே நடக்குது?"

"எங்கேயும் நடக்கலை சார். எல்லாரும் நடைபாதையில நிக்கிறாங்க."

"அதேதான்!" என்றார் கணக்கர்.

படிவம் பதினேழின் மூன்றாவது பத்தி ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தது. பெயர்: நடைபாதை. எடை: தூக்க இயலவில்லை. நிறம்: சாம்பல். கால்களின் எண்ணிக்கை: நாளொன்றுக்கு நூற்று நாற்பது. துருப்பிடிக்குமா: பிடிக்காது. மாதிரி: குழு ஜன்னல் வழியாகப் பார்வையிட்டது. விலை: 0.00.

"சார், இதுவும் சைபர்தானே? அந்தக் கம்பெனிக்கு மட்டும் பரிசுன்னு சொன்னீங்க?"

"அவன் பொருளை அவன் நமக்குச் சும்மா கொடுத்தா பரிசு. நடைபாதை நம்ம வளாகத்தைச் சேர்ந்தது. நம்ம பொருளை நாமே நமக்குக் கொடுத்துக்கிட்டா அது சிக்கனம்."

பிறகு தலைவர் ஜன்னலருகே போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினார். அப்படிப் பேசுகிறவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

"நான் மனசைத் திறந்து சொல்றேம்மா. இந்த நாற்காலிக்கு வந்தப்போ, மலிவா நல்லா ஒரு பொருளை ஒப்பிட்டு எடுத்து நாலு பேருக்கு உபகாரம் பண்ணணும்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சது, வாங்கினாத்தான் தப்பு வரும். வாங்காதவனை யாரும் கேள்வி கேட்டதா சரித்திரமே இல்லை. நடைபாதையைப் பாருங்க. கரன்ட் வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம், நின்னு போகாது. கூட்டம் அதிகமானா தெருமுனை வரைக்கும் நீளும். உங்க கம்பெனிங்க எதுவாவது இதைத் தருமா? பதினெட்டு வருஷத்துல நான் முழு மனசோட போடப்போற முதல் கையெழுத்து இது."

போட்டார். ஸ்டோர் கீப்பர் கைதட்டினார். பிஸ்கட் கொடுத்தார்கள். நான் சாப்பிடவில்லை.

அன்று வேலை முடிந்ததும் தங்கையின் கடைக்குப் போனேன். பழைய கம்ப்யூட்டருக்குள் இருந்ததை எல்லாம் அவள் போன மாதமே ஒரு டிஸ்க்கில் பிரதி எடுத்து வைத்திருந்தாள். என் பர்ஸிலிருந்து என் சொந்தக் கார்டை எடுத்து அவள் முன்னால் போட்டேன்.

"எந்தக் கம்பெனிக்கா?"

"ஏதாவது ஒண்ணு. ஒப்பிடாம எடு."

நடுவில் ஒருவர் வந்து சார்ஜர் வாங்கிக்கொண்டு போன நேரத்தையும் சேர்த்து இருபது நிமிடம் ஆனது. கண்புரைக்கு ஆகிற அதே நேரம். பக்கம் பழைய முகவரியிலேயே திறந்தது. வரிசையில் நின்றவர்களின் போன் நம்பர்களைக் குறித்து வைத்திருந்தேன். ஒவ்வொருவருக்காகக் கூப்பிட்டுச் சொன்னேன். பஸ் டிரைவருக்கு நானே நாளும் நேரமும் பார்த்துப் பதிவு செய்தேன். மூன்று நாளில் நடைபாதை காலி. காலையில் யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியலை நர்ஸ் அச்சடித்து இரண்டாம் மாடிக்கு அனுப்புவார். அந்தப் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் வராத காகிதத்தைப் பற்றித்தான் கேட்பார்கள்.

மேலே சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். சொன்னால், ஒப்பிடாமல் வாங்கிய குற்றத்துக்கு என்னை விசாரிப்பார்கள். விசாரணை முடிகிற வரைக்கும் பக்கத்தை மூடி வைப்பார்கள். ஒரு பெட்டி பின்னுக்கே நான்கு மாதம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்துக் குழு கீழே இறங்கி வந்தது. ஒப்பந்தம் எப்படி நடக்கிறது என்று ஆய்வு. மூன்று பேரும் நடைபாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார்கள். ஒரு பூனை மட்டும் படுத்திருந்தது.

"பாருங்க!" என்றார் தலைவர். குரல் தழுதழுத்தது. "எழுபது பேர் நின்ன இடம். ஒப்பந்தம் கொடுத்து ஒரே மாசம். ஒரு ஆள் இல்லை, ஒரு புகார் இல்லை. அத்தனை பேரையும் இது கவனிச்சு அனுப்பியிருக்கு!"

ஸ்டோர் கீப்பர் குனிந்து நடைபாதையைத் தட்டிக் கொடுத்தார். ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டது.

அடுத்த வாரம் எனக்கு ஒரு உத்தரவு வந்தது. முன்பதிவு முழுவதும் நடைபாதையில் நடப்பதால் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் எழுத்தர் தேவையில்லை. நான் இனி நடைபாதை மேற்பார்வையாளர். ஒரு நாற்காலி, ஒரு குடை, ஒரு பதிவேடு. தினமும் வரிசையில் நின்றவர்கள் எத்தனை பேர் என்று எழுத வேண்டும். தொடர்ந்து முப்பது நாள் ஒருவரும் வரவில்லை என்றால் பதவி ரத்து.

வெயிலில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள், 'யாருமில்லை'. இரண்டாம் நாள், 'யாருமில்லை'. அந்தப் பூனைக்கு என்மேல் பிரியம் வந்துவிட்டது. பத்தாம் நாளுக்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டு வாடகையும் மகளின் காலேஜ் செலவும் என் சம்பளத்தில்தான் ஓடுகின்றன. பயமாக இருந்தது, வேறென்ன சொல்ல?

இருபத்தெட்டாம் நாள் தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு நாள்க்கா. நாளைக்கு ஒரு நாள் பக்கத்தை நிறுத்து. அடுத்த நாள் காலையில அம்பது பேர் தானா வந்து நிப்பாங்க. எழுதிக்கோ. அப்புறம் திறந்துவிடு. யாருக்கும் தெரியாது."

பக்கத்தை நிறுத்த, போனில் ஒரே ஒரு பொத்தான்தான். இருபத்தொன்பதாம் நாள் மத்தியானம் அதைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். மறுநாள் பட்டியலும் கூடவே வந்தது. முப்பது பேர். வயது எழுபத்தொன்று, அறுபத்தெட்டு, எண்பத்து மூன்று. இதில் ஒருவர் என் வேலைக்காக வந்து ரோட்டோரம் நின்று, விளிம்பு தெரியாமல் கீழே கால் வைத்தால்? போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். வேலை போகட்டும் என்று முடிவு செய்தேன். தைரியத்தில் செய்யவில்லை, அழுதுகொண்டேதான் செய்தேன்.

முப்பதாம் நாள் ஒன்பதே காலுக்கு பஸ் டிரைவர் வந்தார். யூனிஃபாரம் போட்டிருந்தார். தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துக் கையாட்டினார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

"ஒன்பது நாற்பதுக்கு டைம் கொடுத்திருக்காங்க மேடம், ரெண்டாவது கண்ணுக்குச் செக்கப். நீங்க ஏன் வெயில்ல உட்கார்ந்திருக்கீங்க? யாருக்காகக் காத்திருக்கீங்க?"

சொன்னேன். இத்தனை வருடம் மூன்றாம் மாடியோடு மல்லுக்கட்டியும் யாரிடமும் இப்படி எல்லாவற்றையும் கொட்டியதில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மணி பார்த்தார்.

"இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. எங்கே நிக்கணும்?"

"என்ன சார்?"

"வரிசை எங்கே ஆரம்பிக்குதுன்னு கேட்டேன்."

நான் கையைக் காட்டினேன். சுவரோரமாகப் போய், கையைக் கட்டிக்கொண்டு, முன்னால் யாரோ நிற்பது போல ஓர் அடி இடம் விட்டு நின்றார். ஐந்து நிமிடம் நின்றார். பதிவேட்டில் 'ஒருவர்' என்று எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது.

இருபத்தொன்பது நாள் காலிக்குப் பிறகு ஒருவர் வந்தது நடைபாதையின் மேல் மக்களுக்கு நம்பிக்கை கூடுவதைக் காட்டுகிறது என்று குழு பாராட்டுக் கடிதம் அனுப்பியது. பதவி இன்னும் முப்பது நாளுக்கு நீடித்தது. நெரிசல் மேலும் கூடினால் இரண்டாவது நடைபாதைக்கு மூன்று விலைப்புள்ளிகள் கோரப்படும் என்றும் அதில் எழுதியிருந்தது.

டிரைவர் எங்கே போய் என்ன சொன்னாரோ தெரியாது. பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் சொல்லியிருப்பார் போல. இந்த மாதம் பன்னிரண்டாம் நாளே ஒரு வயதான டீச்சர் கறுப்புக் கண்ணாடியோடு வந்து, "எனக்குப் பத்து மணிக்கு டைம். இங்கதான் கொஞ்ச நேரம் நிக்கணுமாமே?" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு தையல்காரர். அதற்குப் பின்னால் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். இரண்டு பேரில் யார் நிற்பது என்று சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.

"அய்யோ, ஒருத்தர் போதும்" என்றேன். "மாசத்துக்கு ஒருத்தர் போதும். மத்தவங்க உள்ள போங்க, தயவு செஞ்சு போங்க. மேலே பார்த்தாங்கன்னா இன்னொரு நடைபாதை வாங்கிடுவாங்க!"

யாரும் நகரவில்லை. டீச்சர் சுவரைத் தடவி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, பின்னால் வருபவர்களுக்கு இடம் விட்டார்.